ஆத்த ஆத்தக் கறுத்த தேத்தண்ணி: ஒரு டிவிசன் குழாய்த் தண்ணீரின் நிகழ்வு ஆய்வு

பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை. முதலாம் பாடவேளைக்கு மணி அடிக்கும் முன்பே உயர்தர இரசாயன வகுப்பு மாணவி ஒருத்தி ஜாம் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். உள்ளே இருந்தது பேனா மை என்றுதான் நினைத்தேன். போத்தலைச் சாய்த்தால் கண்ணாடியில் நீலக் கறுப்பாகப் படிந்து மெல்ல வழிந்தது.

"சேர், இது எங்க வீட்டுத் தேத்தண்ணி."

மூடியைத் திறந்து முகர்ந்தேன். தேயிலை வாசம் இருந்தது. கூடவே, நனைந்த சங்கிலியைப் பிடித்த கையில் வருமே, அந்த வாடையும் இருந்தது. அந்த வாடையை அன்றே கொஞ்சம் நம்பியிருந்தால் இரண்டு கிழமை மிச்சமாகியிருக்கும். நான் நம்பவில்லை. எப்படி வழி தவறினோம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். இந்த நிகழ்வில் படிக்கவேண்டியது பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

அவள் வீடு இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் டிவிசனில், அதாவது மேல் பிரிவில். நாலு லயம், தொழிலாளர் வரிசை வீடுகள். கடந்த வருடம் வரை குடிதண்ணீர் பீலியிலிருந்துதான். மலை உச்சிக் காட்டிலிருந்து ஊறி, கல் இடுக்கில் குதித்து, மூங்கில் போய் பிளாஸ்டிக் குழாய் வந்த பிறகும் 'பீலி' என்றே பெயர் சொல்லும் அதே பீலி. தை பிறந்து பங்குனி வரை நூலாக மெலிந்துவிடும். பெண்கள் கொழுந்துக்குப் போகும் முன் விடிய நாலு மணிக்கே வாளி வைத்து வரிசை பிடிப்பார்கள். இந்தக் கஷ்டத்தைப் பார்த்து ஒரு தொண்டு அமைப்பு கீழே ஓடையோரப் பள்ளத்தில் குழாய்க் கிணறு அடித்து, மோட்டர் பூட்டி, லயத்துக்கு மேலே தாங்கி வைத்து, வாசலுக்கு வாசல் குழாய் கொடுத்தது. திறப்பு விழாவன்று பொங்கலும் வைத்தார்களாம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

அந்தக் கண்ணாடித் தண்ணீரில் போட்ட தேத்தண்ணிதான் மையாகக் கறுத்தது. பால்மா கலந்தால் சாம்பல் பூத்த நிறம். சோறு பழுப்பேறியது. பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை நாலைந்து துவைப்பில் மங்கி மஞ்சளானது. மஞ்சளைப் போக்க வெளுப்புத் திரவம் ஊற்றினால் அது இன்னும் அழுத்தமான செம்பழுப்பாகிவிடும் என்று தாய்மார் சொன்னார்கள். இது முக்கியமான துப்பு. நான் அப்போது அதைச் சலவைக் கஷ்டமாக மட்டும் கேட்டுக்கொண்டேன்.

கதைகளுக்குப் பஞ்சமில்லை. மலைக்கு அடிக்கும் களைநாசினி இறங்கிவிட்டது என்றார்கள். அந்தப் பள்ளத்தில் துரைமார் காலத்துப் பழைய ஸ்டோர் இருந்தது, மருந்து ஏதோ புதைத்திருக்கிறார்கள் என்றார் ஒரு பெரியவர். கிணற்றடிக் கானில், அந்த வடிகாலில், எண்ணெய்ப் படலம் வானவில்லாக மினுங்கியதால் டீசல் கசிகிறது என்று இளைஞர்கள் அடித்துச் சொன்னார்கள். கிருமியாக இருக்கும் என்று பயந்து யாரோ தாங்கியில் குளோரின் தூளை அள்ளிப் போட, மறுநாள் காலை தாங்கித் தண்ணீர் முழுவதும் செம்மண் கரைத்தது போல ஆகிவிட்டது. அதன்பிறகு டிவிசனில் பாதிப்பேர் அந்தக் குழாயைத் திறப்பதையே விட்டுவிட்டார்கள்.

இரண்டு முறை 'இல்லை' என்று வந்த சோதனை

எனக்கு இரும்பின் மேல் சந்தேகம் இருந்தது. தாண்டல் மூலகங்களைக் கற்பிக்கும் மாதமும் அதுவே. ஒரு கரைசலில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பண்பறி பகுப்பாய்வுக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது என்று உள்ளூர ஒரு மகிழ்ச்சிகூட. மாணவியிடம் ஒரு போத்தல் குழாய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். அவள் மாலையே பிடித்து வைத்து, மறுநாள் காலை பஸ்ஸில் கொண்டுவந்தாள். தெளிந்த மேல் தண்ணீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் விட்டு, பொற்றாசியம் தயோசயனேற்றுக் கரைசல் சேர்த்தோம். இரும்பு இருந்தால் இரத்தச் சிவப்பு வரவேண்டும். வரவில்லை.

போத்தலின் அடியில் மெல்லிய செம்பழுப்பு வண்டல் கிடந்ததை ஒரு பையன் காட்டினான். "மண் சேர்" என்றான். நானும் மண் என்றே விட்டேன். தேடிய பொருள் முழுவதும் அந்த வண்டலில் கிடக்க, அதை அடியில் விட்டுவிட்டு மேல் தண்ணீரைச் சோதித்திருக்கிறோம்.

அடுத்த முறை காலையில் பிடித்த தண்ணீர், போத்தல் விளிம்பு வரை. வண்டல் இல்லை. மறுபடியும் தயோசயனேற்று. மிக மெல்லிய இளஞ்சிவப்பு வந்ததா இல்லையா என்று பிள்ளைகள் சண்டை பிடிக்கும் அளவுக்குத்தான் ஏதோ தெரிந்தது. மை மாதிரிக் கறுக்கும் தண்ணீருக்கு இது போதாது. இதற்கிடையில், கிணறு அடித்த காலத்தில் எடுத்த பரிசோதனை அறிக்கையின் பிரதி ஒன்றும் கிடைத்தது. அதிலும் இரும்பு எல்லைக்குள். மாதிரியை எப்படி எடுத்தார்கள், எத்தனை நாள் கழித்துப் பார்த்தார்கள் என்று விசாரித்தேன். சாதாரணத் தண்ணீர்ப் போத்தல், இரும்பு வண்டலாகாமல் தடுக்கும் அமிலம் விடவில்லை, கொழும்புக்குப் போக மூன்று நாள். எங்கள் முதல் பிழையை அவர்கள் எங்களுக்கு முன்பே செய்திருக்கிறார்கள்.

குசினியில் கிடைத்த விடை

சனிக்கிழமை நானே டிவிசனுக்கு ஏறினேன். மாணவியின் அம்மாயி அடுப்படியில் இருந்தார். நாற்பது வருடம் கொழுந்து பறித்த கை. "வாங்க மாஸ்டர், எங்க தண்ணிய நீங்களே குடிச்சுப் பாருங்க" என்று சிரித்துக்கொண்டே கேத்தலை இறக்கினார்.

தேயிலைத் தூளில் கொதிநீர் விட்டு வடித்தபோது நிறம் அவ்வளவு மோசமில்லை. கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். பிறகு இரண்டு கோப்பைகளை எடுத்து ஆத்தத் தொடங்கினார். கையை உயர்த்தி ஒரு முழ நீளத்துக்கு இழுத்து ஊற்றினார். முதல் இழுப்பில் செம்மை போனது. மூன்றாவதில் ஊதா கலந்தது. ஆறேழு முறை ஆத்துவதற்குள் கோப்பையின் அடி தெரியவில்லை.

"பாத்தீங்களா? ஆத்த ஆத்தக் கறுக்குது. பீலித் தண்ணி ஆத்துனா நொரதான் வரும், நெறம் மாறாது."

வகுப்பறையில் இரண்டு கிழமை செய்ததைவிட அந்த ஒரு நிமிடம் அதிகம் சொன்னது. ஆத்தும்போது தேத்தண்ணிக்குள் போவது காற்று. காற்றுப்பட்டுக் கறுக்கிறது என்றால், தண்ணீரில் இருப்பது இன்னும் முழுமையாக ஒட்சியேறாத இரும்பு. இரண்டு இலத்திரன்களை இழந்த இரும்பு, இரும்பு-2. நாங்கள் தயோசயனேற்றை வைத்துத் தேடியது மூன்றை இழந்த இரும்பு-3. அந்தச் சோதனை இரும்பு-2க்குச் சிவப்புக் காட்டாது. ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் நானே எழுதும் வரி இது.

அங்கேயே இன்னொன்றையும் பார்த்துக்கொண்டேன். கிணற்றடிக் கானில் மினுங்கிய படலத்தை ஒரு குச்சியால் கீறினேன். டீசல் என்றால் கீறிய இடம் மறுபடி ஓடிச் சேர்ந்துகொள்ளும். இது கண்ணாடிச் சில்லு மாதிரித் துண்டு துண்டாக உடைந்து, உடைந்தபடியே நின்றது. தேங்கிய தண்ணீரில் இரும்பை ஒட்சியேற்றி வாழும் பக்றீரியாக்கள் உள்ள இடத்தில் வரும் படலம் அது. கானின் ஓரத்தில் செம்மஞ்சள் சளி போல வழிந்து கிடந்ததும் அவற்றின் வேலைதான். டீசல் கட்சிக்காரர்கள் குச்சியை வாங்கித் தாங்களும் கீறிப் பார்த்தார்கள். பாதிப்பேர் சமாதானமானார்கள்.

திங்கட்கிழமை பொற்றாசியம் பெரிசயனைட்டை எடுத்தோம். இது இரும்பு-2க்கு உரிய சோதனைப்பொருள். அந்தக் காலையிலேயே பிடித்து, பிடித்த கையோடு சில துளி அமிலம் விட்டு மூடிய தண்ணீர். இரண்டு துளி விட்டதும் குழாய் நீலமானது. பெர்லினில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தற்செயலாகக் கிடைத்து, ஓவியர்கள் கொண்டாடிய அதே பிரசியன் நீலம். பின்வரிசைப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

எலுமிச்சம்பழத்தில் நான் மாட்டிக்கொண்டது

இரும்பு இருக்கிறது என்பது ஒன்று, தேத்தண்ணி கறுப்பதற்கு அதுதான் காரணம் என்பது வேறொன்று. இரண்டாவதை நிறுவ நான் முதலில் எடுத்தது எலுமிச்சம்பழம். கறுத்த தேத்தண்ணியில் பிழிந்தேன், கறுப்பு கலைந்து பொன்னிறமானது. பழத்தின் சித்திரிக் அமிலம் இரும்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்று விளக்கவும் தொடங்கிவிட்டேன்.

அப்போது போத்தல் கொண்டுவந்த மாணவி எழும்பினாள். "சேர், நல்ல தண்ணில போட்ட பிளேண்டிலயும் எலுமிச்ச பிழிஞ்சா வெளுக்கும்தானே?"

வெளுக்கும்தான். பிளேண்டி என்பது பால் சேர்க்காத வெறும் தேத்தண்ணி. தேயிலையின் செம்பழுப்பு நிறப்பொருள்களே அமிலத்தில் இளகும், காரத்தில் கருகும். ஒருவகையில் தேத்தண்ணியே, அமிலமா காரமா என்று நிறத்தால் சொல்லும் ஒரு காட்டி. ஆகவே என் எலுமிச்சைக்காய் எதையும் நிரூபிக்கவில்லை. அதோடு புதிதாக ஒரு சந்தேகமும் வந்தது: தண்ணீரில் காரத்தன்மை கூடியதால்தான் கறுக்கிறதோ?

எனவே முறையாக வரிசை வைத்தோம். பீலித் தண்ணீரில் போட்ட தேத்தண்ணியை ஆத்தினோம், செம்மை மாறவில்லை. அதே தேத்தண்ணியில் அப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டதும் அடர்ந்த செம்பழுப்பானது, நீலச் சாயல் துளியும் இல்லை. இன்னொரு கோப்பையில் ஆய்வுகூடத்து இரும்பு-2 சல்பேற்றில் கடுகளவு போட்டு ஆத்தியதும் ஜாம் போத்தல் நிறம் அச்சாக வந்தது. கடைசியாக, குழாய்த் தண்ணீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு இரவு முழுக்க வைத்து, அடிக்கடி கலக்கி, வண்டலை வடிதாளில் வடித்துவிட்டுத் தேயிலை போட்டோம். செம்மையான, பளிச்சென்ற தேத்தண்ணி. அப்பச்சோடாக் கோப்பை காரத்தின் மேல் இருந்த சந்தேகத்தைத் தீர்த்தது. இரும்பைப் போட்டால் கறுப்பு வருகிறது, எடுத்தால் போகிறது என்பதை மற்றவை காட்டின.

எவ்வளவு இரும்பு என்பதைக் கண்ணாலேயே மதிப்பிட்டோம். அமோனியம் இரும்பு-2 சல்பேற்று 0.70 கிராமை அமிலம் கலந்த தண்ணீரில் கரைத்து 1 லீற்றர் ஆக்கினால், லீற்றருக்கு 100 மில்லிகிராம் இரும்பு கிடைக்கும். அதை ஐதாக்கி 0.3, 0.5, 1, 2, 4 என்று ஐந்து குழாய்கள். எல்லாவற்றிலும், குழாய்த் தண்ணீரிலும், பரமங்கனேற்றை இளஞ்சிவப்பு நிலைக்கும் வரை துளித்துளியாக விட்டு இரும்பு முழுவதையும் இரும்பு-3 ஆக்கினோம். பிறகு தயோசயனேற்று. வெள்ளைத் தாளின் மேல் நிறுத்தி மேலிருந்து பார்த்தபோது எங்கள் தண்ணீரின் சிவப்பு 2க்கும் 4க்கும் நடுவில் நின்றது. இந்த நிறம் நேரம் போகப்போக மங்கும் என்பதால் பிள்ளைகளை அவசரப்படுத்தவேண்டியிருந்தது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் குடிநீர்த் தரம், எஸ்.எல்.எஸ். 614, இரும்புக்குக் கொடுக்கும் எல்லை லீற்றருக்கு 0.3 மில்லிகிராம். கண்மதிப்பீடுதான். ஆனாலும் எல்லையைப் பலமடங்கு தாண்டியது என்பதற்கு இது போதும்.

ஒரே உலோகம், பல நிறம்

பிள்ளைகள் விடாமல் கேட்ட கேள்வி இது. தண்ணீரில் இருக்கும்போது நிறமே இல்லை, வண்டலில் பழுப்பு, தயோசயனேற்றில் சிவப்பு, பெரிசயனைட்டில் நீலம், தேத்தண்ணியில் கறுப்பு. எல்லாம் ஒரே இரும்பா?

ஒரே இரும்புதான். தாண்டல் உலோகத்தின் அயன் தனியாக நிற்பதில்லை, தன்னைச் சுற்றி யாரையாவது நிறுத்திக்கொள்ளும். அப்படிச் சுற்றி நிற்கும் மூலக்கூறுகளை இணையி என்கிறோம். நிறம் இரும்புக்கு மட்டும் உரியதல்ல, அது யாரோடு சேர்ந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. இரும்பு-3இல் ஐந்து டி-இலத்திரன்கள் ஐந்து ஒபிற்றல்களில், அதாவது இலத்திரன் இருக்கைகளில், ஆளுக்கொன்றாக, ஒரே திசைச் சுழற்சியோடு உட்கார்ந்திருக்கின்றன. ஒளியை வாங்கி ஒன்று இடம் மாற வேண்டுமானால் சுழற்சியையும் புரட்டவேண்டும். அதற்கு அனுமதி கிடைப்பது அரிது. அதனால் தண்ணீர் மட்டும் சூழ்ந்த இரும்பு-3க்குத் தன் சொந்த நிறம் மிக மெலிது. தேயிலைக்குத் துவர்ப்புத் தரும் தனின் போன்ற பொருள்களில், ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த ஐதரொட்சில் கூட்டங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோல இரும்பைக் கவ்வும். கவ்விய ஒட்சிசனிலிருந்து இரும்புக்கு இலத்திரன் ஒளியை வாங்கித் தாவும். இந்தத் தாவலுக்குத் தடை இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதியை இது விழுங்கிவிடுவதால் எஞ்சுவது நீலக் கறுப்பு. இரத்தினபுரிப் பக்கத்து நீலக்கல்லின் நீலமும் இலத்திரன் தாவலால் வருவதுதான். அங்கே தாவுவது இரும்பிலிருந்து தைத்தேனியத்துக்கு. கோப்பையில் கறுப்பு வந்தால் கொட்டுகிறோம், கல்லில் நீலம் வந்தால் இலட்சக்கணக்கில் கொடுக்கிறோம்.

நம் வீடுகளுக்கு இது புதிதும் அல்ல. வாழைப்பூ நறுக்கிய இரும்பு அரிவாள்மனையும் விரலும் கறுக்கின்றன. இரும்புச் சட்டியில் கிடந்த நெல்லிக்காய் கறுக்கிறது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சிய காலம் ஒன்று இருந்தது. அன்னபேதி என்பது இரும்பு-2 சல்பேற்று, கடுக்காய் என்பது தனின். முதல் நாள் ஜாம் போத்தலைப் பார்த்து மை என்று நினைத்தேனே, அது இரசாயனப்படி சரியான விடை.

தண்ணீர் தெளிவாகத் தோன்றிவிட்டுத் தேத்தண்ணி மட்டும் உடனே கறுப்பது ஏன் என்பதற்கும் விடை இங்கே இருக்கிறது. வெறும் தண்ணீரில் இரும்பு-2 ஒட்சியேறும் வேகம், அமிலத்தன்மையைக் காட்டும் பீஎச் எண்ணைப் பொறுத்து மாறும்; எண் குறைந்தால் அமிலம் கூடுதல். பீஎச் ஓர் அலகு ஏறினால் வேகம் ஏறத்தாழ நூறு மடங்கு கூடும். 7இல் நிமிடங்களில் முடிகிற வேலை 6இல் மணிக்கணக்காகும். எங்கள் குழாய்த் தண்ணீர் பீஎச் தாளில் 6ஐ ஒட்டி நின்றது. ஆகவே குழாயிலிருந்து வரும்போது கண்ணாடி, இரவு போனால் வண்டல். தேயிலையின் கொடுக்கு இரும்பு-3ஐத்தான் அதிகம் விரும்பிப் பிடிக்கும். அந்த இழுப்பில் இரும்பு-2 காற்றோடு விரைந்து ஒட்சியேறிவிடுகிறது. குளோரின் தூளும் வெளுப்புத் திரவமும் செய்தது அதே ஒட்சியேற்றத்தை, இன்னும் முரட்டுத்தனமாக. தாய்மார் சீருடைக் கறையை வெளுக்கவில்லை, துணி நாரிலேயே துருவை ஏற்றியிருக்கிறார்கள். எலுமிச்சஞ்சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் போடச் சொன்னேன். அதற்கு ஓரளவு பலன் இருந்தது.

பீலியில் இல்லாதது கிணற்றில் எப்படி?

மத்திய மலைநாட்டின் பாறைகள் மிகப் பழைய உருமாறிய பாறைகள். சார்னொக்கைட்டு, காணற்று என்ற சிவப்புக் கனிமம் பதிந்த நைசு. காணற்றிலும் கருமைக்காவிலும் இரும்பு உண்டு. அந்தப் பாறை உக்கித்தான் தேயிலை மலையின் செம்மண். சிவப்பு என்பதே இரும்பு-3 ஒட்சைட்டின் நிறம். அது தண்ணீரில் கரையாது. அதனால் செம்மண் மலையில் இறங்கும் பீலித் தண்ணீர், வழிநெடுகக் காற்றில் குதித்து வருவதால், தெளிவாகவும் சுத்தமாகவும் இருக்கிறது.

பள்ளத்தில் நிலைமை வேறு. ஓடையோரத்தில் அரை மீற்றர் தோண்டினால் செம்மண் மறைந்து சாம்பல் நிறச் சேறு வரும். இலை தழை மக்கி, ஒட்சிசன் தீர்ந்துபோன சேறு. ஒட்சிசன் இல்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் இரும்பு-3ஐத் தாழ்த்தி இரும்பு-2 ஆக்கிவிடும். சிவப்பு போய்ச் சாம்பல் தெரிவது அதனால்தான். கரைந்த இரும்பு நிலத்தடி நீரில் சேரும். களைநாசினியும் இல்லை, புதைத்த மருந்தும் இல்லை. மலையில் காலில் ஒட்டும் அதே செம்மண், இலத்திரன் ஒன்றை வாங்கிக்கொண்டு குழாயில் வந்திருக்கிறது. குழாய்க் கிணற்றை எங்கே அடிக்கவேண்டும் என்று முடிவெடுத்தவர்கள், அந்தப் பள்ளத்தில் ஒரு மண்வெட்டிச் சேற்றை எடுத்துப் பார்த்திருந்தால் போதும். வண்டி போகிற பாதை அங்கே இருந்ததால் அங்கே அடித்தார்கள் என்றுதான் கேள்வி.

மூன்று பெரல்

தண்ணீரைக் காற்றுப்பட வைத்து, இரும்பை வண்டலாக்கி வடிக்கவேண்டும். தோட்டத்தில் குழாய் வேலை பார்க்கும் மாமா ஒருவர் முன்னுக்கு வந்தார். நீல பிளாஸ்டிக் பெரல்களைப் பாதியாக அறுத்து, அடியில் ஆணியைச் சுட்டுத் துளையிட்டு, கருங்கல் சல்லி நிரப்பி, தாங்கிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. தண்ணீர் மழையாகச் சொட்டி இறங்கும். அடியில் மணல் வடி.

முதல் கிழமை தோல்வி. தேத்தண்ணி இன்னும் மங்கலாகவே இருந்தது. காற்றுப் போதவில்லை என்று மாமா நாலாவது அடுக்கு வைக்கக் கிளம்பினார். கணக்குப் போட்டுக் காட்டினேன்: 1 மில்லிகிராம் இரும்பு-2ஐ ஒட்சியேற்ற 0.14 மில்லிகிராம் ஒட்சிசன் போதும். மூன்று அடுக்கில் சொட்டிய தண்ணீரில் அதற்கு மேலேயே இருக்கும். குறைவது காற்று அல்ல, நேரம். பீஎச் 6இல் ஒட்சியேற மணிக்கணக்காகும் தண்ணீரை நாங்கள் நிமிடக்கணக்கில் வடிக்குள் அனுப்பிக்கொண்டிருந்தோம். கரைந்த இரும்பு மணலுக்குள் புகுந்து மறுபக்கம் அப்படியே வந்தது.

மருந்து தோட்டத்திலேயே இருந்தது. அமிலம் ஏறிய தேயிலை மண்ணுக்குப் போடும் டொலமைட்டு. கண்டிக்குப் பக்கத்துத் திகனையில் வெட்டி எடுக்கும் கல். தூளாகப் போட்டால் அடைத்துக்கொள்ளும் என்று சல்லியாகத் தேடி எடுத்து நடு அடுக்கில் நிரப்பினோம். சொட்டும்போது காபனீரொட்சைட்டு வெளியேறுவதால் பீஎச் கொஞ்சம் ஏறும், டொலமைட்டு அதை இன்னும் உயர்த்தும். தாள் 7ஐத் தொட்ட கிழமையில் மணல் மேற்பரப்பில் செம்பழுப்புப் பாசி மாதிரி ஏறத் தொடங்கியது. கோப்பையில் செம்மை திரும்பியது.

மணல் அழுக்காகிவிட்டது என்று பெண்கள் அதை வெள்ளையாகும் வரை கழுவ எடுத்தார்கள். ஓடிப்போய் நிறுத்தினேன். மணியின் மேல் படிந்த இரும்பு ஒட்சைட்டே புதிதாக வரும் இரும்பு-2ஐப் பிடித்து ஒட்சியேற்ற உதவும். புது மணலைவிடப் பழுப்பேறிய மணல் நன்றாக வேலை செய்யும். மேலே கட்டிய சேற்றை மட்டும் வாரிவிட்டால் போதும். டொலமைட்டுச் சல்லியின் கதை மறுதலை: அதன்மேல் இரும்பு படிந்தால் கல் மூடிக்கொள்ளும், அதை உரசிக் கழுவத்தான் வேண்டும். எதைக் கழுவுவது, எதைக் கழுவக்கூடாது என்று பெரலில் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பிரச்சினை முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. தீபாவளி மாதிரி நாளில் மோட்டர் இடைவிடாமல் ஓடினால் தண்ணீர் வேகமாக இறங்கி, தேத்தண்ணி மறுபடி மங்குகிறது. குழாயின் உள்ளே கறுப்புச் சளி ஒன்றும் படிகிறது. அது மங்கனீசு என்று நினைக்கிறேன். மருந்துக்கடை ஐதரசன் பரவொட்சைட்டை விட்டால் நுரைத்தது. சளியில் உள்ள உயிர்களின் நொதியமும் நுரைக்க வைக்கும் என்பதால் நன்றாகச் சுட்டு ஆறவைத்துப் பார்த்தோம், அப்போதும் நுரைத்தது. மங்கனீசு இரும்பைவிட எவ்வளவோ மெதுவாக ஒட்சியேறும், எங்கள் மூன்று பெரலுக்கு அது அடங்காது. ஆய்வுகூடப் பரிசோதனைக்கு மறுபடியும் மாதிரி அனுப்பியிருக்கிறோம். இம்முறை அமிலம் விட்டு, விளிம்பு வரை நிரப்பி.

"இரும்புதானே, ரத்தத்துக்கு நல்லதுதானே?"

விளக்கம் எல்லாம் கேட்ட பிறகு அம்மாயி கேட்டது இதை. நியாயமான கேள்வி. சோகை இந்த லயங்களில் புதிதல்ல. கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரையும் இரும்புதான்.

ஆனால் கறுத்த கோப்பையில் இருக்கும் இரும்பு தனினின் கொடுக்கில் அகப்பட்ட இரும்பு. குடல் அதை எளிதில் உறிஞ்சாது. சாப்பாட்டோடு சேர்த்துப் பிளேண்டி குடிக்கும்போது கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புக்கும் வயிற்றுக்குள் இதேதான் நடக்கிறது. கோப்பையில் நடந்தால் கண்ணுக்குத் தெரிகிறது, வயிற்றில் நடந்தால் தெரிவதில்லை. மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதே என்று மருத்துவமாது சொல்வது இதனால்தான். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துத் தேத்தண்ணி குடிக்கலாம், சாப்பாட்டில் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம் என்றேன். அம்மாயி தலையாட்டினார். "ரொட்டியத் தின்னுட்டு ஒரு மணி நேரம் சும்மா இருக்க எங்களுக்கு எந்தத் தொர லீவு குடுப்பாரு?" என்றும் கேட்டார். அதற்கு என்னிடம் சமன்பாடு இல்லை.

தவணை முடிவில் செய்முறைக் கொப்பிகளைத் திருத்தினேன். இரும்பு-2 அயனை இனங்காணல் என்ற பக்கத்தில் 'சோதனைப்பொருள்' என்ற நிரலில் எல்லாரும் பொற்றாசியம் பெரிசயனைட்டு என்று எழுதியிருந்தார்கள். ஜாம் போத்தல்காரி அதன் கீழே இன்னொரு வரி சேர்த்திருந்தாள்: 'பிளேண்டி, ஆத்தியது.' அவதானிப்பு: 'நீலக் கறுப்பு.' பரீட்சையில் இதற்குப் புள்ளி கிடைக்காது என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி, பக்கத்திலேயே சரி அடையாளமும் போட்டேன்.